எக்கோ முகாமுக்கு முன் ஊசி: தொண்டைத் தொற்று, ருமாட்டிக் இதய நோய் குறித்து நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக மேலாண்மை இயக்குநர், பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர் ஆகியோருக்கு,

வணக்கம்.

இந்த மடலை எழுதுவோர் குழந்தை நல மருத்துவர்கள், இதய மருத்துவர்கள், ஊசி போடும் அறையில் நிற்கும் செவிலியர்கள், நுண்ணுயிரியல் ஆய்வக நுட்புநர்கள். கேட்பது அதிகமில்லை. ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சாதின் பெனிசிலின் ஊசி, வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மறுக்காமல் போடப்பட வேண்டும். அந்த நிலை வராமலிருக்க, பாக்டீரியாத் தொண்டை வலிக்குத் தரும் மாத்திரை மூன்றாம் நாளோடு தீர்ந்துவிடக் கூடாது. பத்து நாளுக்குத் தரப்பட வேண்டும். புதிய கட்டடமோ இயந்திரமோ கேட்கவில்லை.

நோயின் போக்கிலிருந்து தொடங்குகிறோம். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா மனிதரின் தொண்டையிலும் தோலிலும் மட்டுமே நிலையாக வாழ்கிறது. இருமல், தும்மல், நெருக்கமான பேச்சு, புண்ணைத் தொட்ட கை ஆகியவற்றின் வழியே பரவுகிறது. தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாளில் தொண்டை வலி தொடங்கும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் வீடு, காற்றோட்டமில்லாத விடுதி, நெருக்கியடித்து உட்காரும் வகுப்பறை ஆகியவை அதற்கு வசதியான இடங்கள். சிகிச்சையே இல்லாவிட்டாலும் தொண்டை வலி ஒரு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். சிக்கலே இதுதான். பிள்ளை தேறிப் பள்ளிக்குப் போய்விடுகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கத் தொடங்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல்; அது வால்வில் விட்டுச்செல்லும் பாதிப்பு ருமாட்டிக் இதய நோய். சிகிச்சை பெறாத ஸ்ட்ரெப் தொண்டை வலியில் சாதாரண காலத்தில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கும், தொற்று வேகமாகப் பரவும் காலத்தில் நூற்றுக்கு மூன்று பேர் வரைக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம்.

இதைத் தடுக்க முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து வாரன் விமானப்படைத் தளத்தில் 1949-50இல் நடந்த ஆய்வில், பெனிசிலின் பெற்ற 798 வீரர்களில் 2 பேருக்கும், பெறாத 804 பேரில் 17 பேருக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. இன்றுவரை நோயாளிகளிடமிருந்து எடுத்த ஏ பிரிவு ஸ்ட்ரெப் எதுவும் பெனிசிலினை எதிர்த்து நின்றதாக உறுதிப்படவில்லை. இவ்வளவு காலம் பயன்படுத்தியும் இப்படி வேலை செய்கிற நுண்ணுயிர்க்கொல்லிகள் அரிது. ஆனாலும் வால்வு சுருங்கி, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சிரைப்போடு பதின்வயதினர் அறுவை அரங்குக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வால்வு அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அந்த அறுவை தேவைப்படாமல் செய்யும் மருந்தோ மிக மலிவானது.

தடுப்புச் சங்கிலியின் முதல் கண்ணி தொண்டை வலியைப் பார்க்கும் புறநோயாளி அறையில் இருக்கிறது. தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவரிடம்தான் ஸ்ட்ரெப் இருக்கும். மீதிப் பேருக்கு வைரஸ். எல்லோருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதும் தவறு, யாருக்கும் முழுதாகக் கொடுக்காததும் தவறு. இப்போது பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன: மூக்கு ஒழுகும் பிள்ளைக்கும் அசித்ரோமைசின், டான்சிலில் சீழ் படிந்த பிள்ளைக்கும் அதே மூன்று நாள் அசித்ரோமைசின்.

பிரித்தறிய டார்ச்சும் வெப்பமானியும் போதும். திடீரென்று தொடங்கிய வலி, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிவந்து வீங்கி வெள்ளையாகப் படிந்த டான்சில், தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு, இருமல் இல்லாமை ஆகியவை ஸ்ட்ரெப்பைச் சுட்டும். சளி ஒழுகுதல், இருமல், குரல் கம்மல், கண் சிவத்தல், வாய்ப்புண் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். உடம்பெங்கும் உப்புத்தாள் போல் சொரசொரப்பான சிவப்புத் தடிப்பும் ஸ்ட்ராபெரிப் பழம் போன்ற நாக்கும் சேர்ந்திருந்தால் அது ஸ்கார்லெட் காய்ச்சல். அதற்கும் கிருமி இதுவே, மருந்தும் இதுவே.

விரைவு ஆன்டிஜென் பரிசோதனை அட்டை இருந்தால் நல்லது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஸ்ட்ரெப் உள்ள நூறு குழந்தைகளில் சுமார் 86 பேரை அது பிடிக்கிறது. இல்லாதவரில் 95 பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது. அந்தப் 14 பேர் தவறுவதில் சளி எடுக்கும் முறைக்கும் பங்குண்டு. குச்சி நாக்கிலும் கன்னத்திலும் படாமல் இரண்டு டான்சிலையும் தொண்டையின் பின்சுவரையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிள்ளை குமட்டவில்லையென்றால் பெரும்பாலும் சரியான இடம் தொடப்படவில்லை. மாவட்ட ஆய்வகங்களில் கிருமி வளர்ப்பு செய்யும்போது ஆட்டு ரத்தம் சேர்த்த அகாரைத்தான் (கிருமி வளர்க்கும் ஊட்டக்கூழ்) பயன்படுத்த வேண்டும். ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றிச் செய்யும் தட்டுகளில், இந்தக் கிருமி தன்னைச் சுற்றி உண்டாக்கும் தெளிந்த வளையம் சரியாகத் தெரியாது. தட்டில் ஒன்றுமில்லை என்று அறிக்கை போகும். தொண்டையில் இருந்துகொண்டே இருக்கும்.

நலமாக இருக்கும் பள்ளிக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டே திரிகிறார். அவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும் வாய்ப்பும் மற்றவருக்குப் பரப்பும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆகையால் வகுப்பு வகுப்பாகத் தொண்டைச் சளி எடுத்து மாத்திரை கொடுக்கும் முகாம்கள் தேவையில்லை. அப்படி ஒரு யோசனை எழுந்தால், கோப்பிலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது கண்ணி மருந்தின் அளவு. அமாக்ஸிசிலின் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 50 மி.கி., அதிகபட்சம் 1,000 மி.கி., ஒரே வேளையாக, பத்து நாள். இருபது கிலோப் பிள்ளைக்கு இது நாளொன்றுக்கு 1,000 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் கொடுத்தால் தினம் 20 மி.லி.; பத்து நாளுக்கு 200 மி.லி. வழக்கமாகக் கொடுக்கப்படும் 60 மி.லி. புட்டி ஒன்று மூன்றாம் நாள் இரவோடு காலி. தாய் குறை வைக்கவில்லை. புட்டியின் கொள்ளளவே பத்து நாளை மூன்று நாளாக்கிவிட்டது. தண்ணீர் கலந்த சிரப் வெளியே வைத்தால் ஏழு நாளைக்குமேல் பயன்படாது என்று லேபிளிலேயே இருக்கிறது. நான்கு புட்டிகளையும் மொத்தமாகக் கலந்து கொடுத்தனுப்பினாலும் கடைசி மூன்று நாள் மருந்து வலுவிழந்துதான் இருக்கும். எனவே தண்ணீரில் கரையும் 250 மி.கி. மாத்திரைதான் நடைமுறைக்கு ஒத்து வரும்: இருபது கிலோவுக்குத் தினம் நான்கு, மொத்தம் 40 மாத்திரை. மருந்தகத்தில் இதை ஒரே உறையில், ஒரே தவணையில் கொடுக்க அனுமதி வேண்டும். மூன்று நாளுக்குக் கொடுத்துவிட்டு ‘திரும்ப வாங்க’ என்றால், காய்ச்சல் இரண்டாம் நாளே விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூலி வேலையை விட்டுவிட்டு யார் வருவார்?

பெனிசிலின் வி மாத்திரையும் இதே அளவு நல்லது: 27 கிலோவுக்குக் கீழே 250 மி.கி., அதற்கு மேல் 500 மி.கி., நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, பத்து நாள். பத்து நாள் மருந்து விழுங்கும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு பென்சாதின் பெனிசிலின் ஒரே ஊசி போதும்: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். பெனிசிலின் ஒவ்வாமை உண்மையாகவே உள்ளவர்களுக்கு மட்டும் அசித்ரோமைசின், கிலோவுக்கு 12 மி.கி. வீதம், முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மிகாமல். பெனிசிலினை எதிர்க்காத இந்தக் கிருமி அசித்ரோமைசினை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அது முதல் மருந்தாக இருக்கக் கூடாது. கோட்ரைமாக்சசோலும் டாக்சிசைக்ளினும் இதற்கு உதவாது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாள் வரை சிகிச்சையை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். வெள்ளிக்கிழமை வந்த பிள்ளையின் பரிசோதனை முடிவுக்காகத் திங்கள் வரை காத்திருப்பதால் இதயத்துக்குக் கேடில்லை.

பள்ளிகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் விட்டிருந்தால் பிள்ளை வகுப்புக்கு வரலாம். பத்து நாளும் வீட்டில் இருக்கத் தேவையில்லை. ஒரே தண்ணீர் பாட்டிலில் வாய்வைத்துக் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். சத்துணவுக் கூடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கிருமி உணவு வழியாகவும் பரவும். அவித்த முட்டையைக் கையால் உரித்துக் கலந்து, பல மணி நேரம் வெளியே வைத்துப் பரிமாறிய இடங்களில் ஒரே நாளில் கூட்டம் கூட்டமாகத் தொண்டை வலி வந்ததாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தொண்டை வலியோ கையில் சீழ்ப்புண்ணோ உள்ள சமையலர் அன்று முட்டை உரிக்க வேண்டாம். பிள்ளைகள் தட்டில் முழுதாக வாங்கித் தாமே உரித்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

தோல் பக்கமும் ஒரு வார்த்தை. விடுதிகளில் சொறியை விட்டுவைத்தால், சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப் புகுந்து சீழ்ச்சிரங்காகும். மூன்று முதல் ஆறு வாரத்தில் சிலருக்கு முகம் வீங்கி, சிறுநீர் பால் சேர்க்காத டீயின் நிறத்தில் போய், ரத்த அழுத்தம் ஏறும். இது சிறுநீரக அழற்சி. பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகக் குணமாவார்கள். அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். இவர்களுக்கு 21 நாள் ஊசி தேவையில்லை, ஆனால் குழப்பத்தில் சிலருக்கு அது எழுதப்படுகிறது. விடுதியில் ஒருவருக்குச் சொறி என்றால் அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் கழுத்திலிருந்து கால்வரை தடவி, எட்டு மணி நேரமாவது விட்டுக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஒருவருக்கு மட்டும் தடவினால் அடுத்த மாதம் அவருக்கே திரும்பி வரும்.

அரிதாக இந்தக் கிருமி தோலுக்கு அடியில் தசையுறை வரை பாயும். வெளியே தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு அதிகம் என்று நோயாளி துடித்தால், குறிப்பாக சின்னம்மை வந்து ஆறிக்கொண்டிருக்கும் குழந்தை துடித்தால், அன்றே அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். அங்கே பெனிசிலினோடு கிளிண்டாமைசினும் சேரும். அழுகிய திசுவை வெட்டியெடுப்பது அதைவிட அவசரம். ஐரோப்பாவில் சில நாடுகளில் இவ்வகைத் தீவிரத் தொற்று அதிகரித்திருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

இனி ருமாட்டிக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்காவது முன்பு தொண்டை வலி வந்த நினைவே இருக்காது. ஆகவே முதல் இரண்டு கண்ணிகளையும் எவ்வளவு கவனமாகப் பிணைத்தாலும் சிலர் நழுவத்தான் செய்வார்கள். அவர்களைப் பிடிக்கும் வலை அந்த 21 நாள் ஊசி. பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அடையாளம் காண வேண்டும். முழங்கால் வீங்கி இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கும், பிறகு மணிக்கட்டு. இப்படி இடம் மாறும் மூட்டு வலிக்கு வந்தவுடனே வலி மாத்திரை கொடுத்தால், வீக்கம் ஒரே மூட்டில் அடங்கி, நோயின் முகமே மறைந்துவிடும். காய்ச்சலோடு மூட்டு வலி உள்ள பள்ளி வயதுப் பிள்ளைக்கு, மருத்துவர் பார்த்து எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் பரிசோதனை) எடுக்கும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். இன்னொரு அறிகுறியை ஆசிரியர்களே முதலில் காண்பார்கள்: நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து திடீரென்று கோணலாகும், கையிலிருந்து பேனா நழுவும், முகம் தானாகச் சுளிக்கும், காரணமின்றி அழும். குறும்பு என்று நினைத்து வெளியே நிற்க வைக்கிறார்கள். இது ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு வடிவமான கொரியா என்ற நரம்புக் கோளாறு, தொண்டைத் தொற்றுக்குப் பல மாதம் கழித்தும் வரும். பள்ளி நலவாழ்வுப் பயிற்சியில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

ஸ்ட்ரெப்பை எதிர்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் ஏஎஸ்ஓ பரிசோதனை பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆய்வகச் சீட்டில் 200க்கு மேல் என்றால் நட்சத்திரக் குறி விழுகிறது. கால் வலிக்கிறது என்று வந்த பிள்ளைக்கு 400 என்று பார்த்து, மூட்டைத் தொட்டும் பார்க்காமல், எக்கோவும் எடுக்காமல், வருடக்கணக்கில் ஊசி எழுதுகிறார்கள். 200 என்பது பெரியவர்களுக்கான எல்லை. அடிக்கடி தொண்டைத் தொற்று காணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிட உயர்ந்த எண் இயல்பானது. அந்த எண் கிருமி வந்துபோனதை மட்டுமே சொல்கிறது; நோயை நிர்ணயிக்க ஜோன்ஸ் அளவுகோலின் மற்ற அறிகுறிகள் வேண்டும். அந்த அளவுகோல் 2015இல் திருத்தப்பட்டு எக்கோ முடிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தேவையில்லாத பிள்ளைக்கு ஊசி போய்க்கொண்டே இருந்தால், தேவையுள்ள பிள்ளைக்கு ஊசி மருந்து இல்லாமல் போகும் நாள் வரும்.

இந்த மடலின் மையத்துக்கு வருகிறோம். ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த தொண்டைத் தொற்றில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வில் தழும்பு கூடும். அதைத் தடுக்க 12 லட்சம் யூனிட் பென்சாதின் பெனிசிலின், 27 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 6 லட்சம், 21 நாளுக்கு ஒருமுறை. இதயம் பாதிக்கப்படாதவருக்கு ஐந்து ஆண்டு அல்லது 21 வயது வரை. இதயம் பாதிக்கப்பட்டு முழுதாகத் தேறியவருக்குப் பத்து ஆண்டு அல்லது 21 வயது வரை. வால்வில் தழும்பு தங்கியவருக்குப் பத்து ஆண்டு அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. எது பிந்தியதோ அதுவரை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். நான்காம் வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு பலருக்குத் தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தைவானில் 12 ஆண்டு நடந்த ஒப்பீட்டிலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களிடமே நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

இத்தனை தெளிவான மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவும் போட மறுத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பக் காரணம் பயம். ஒவ்வாமை அதிர்ச்சி வந்து பிள்ளை இறந்தால் பழி யார் மேல் விழும் என்ற பயம். பயம் நியாயமானது, அதன் அளவு நியாயமானதல்ல. 11 நாடுகளில் 1,790 பேருக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்த ஆய்வு 1991இல் வெளியானது. அதில் ஒவ்வாமை அதிர்ச்சி 4, மரணம் 1. இறந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மிட்ரல் வால்வு கடுமையாகப் பழுதாகியிருந்தது. அமெரிக்க இதயக் கழகம் 2022இல் கொடுத்த அறிவுரையும் இதையே சுட்டுகிறது: ஊசிக்குப் பின் நேர்ந்த திடீர் மரணங்களில் பல, கடுமையான வால்வு நோயாளிகளிடம், வலியாலும் பயத்தாலும் ரத்த அழுத்தம் சரிந்து நேர்ந்தவையாக இருக்கலாம். ஆகவே பிரித்துவிடுங்கள். கடுமையான மிட்ரல் சுருக்கம், கடுமையான அயோர்டிக் வால்வு நோய், இதயத் தசை பலவீனம், சிறு வேலைக்கே மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு பெனிசிலின் வி 250 மி.கி. மாத்திரை, தினம் இரு வேளை. இவர்களை இதய மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். மற்ற எல்லோருக்கும் ஊசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில். இந்தப் பிரிப்பை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக விட்டு, அதன்படி போட்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும் துறை பின்னால் நிற்கும் என்று எழுத்தில் கொடுத்தால், பாதி மறுப்பு அன்றே நின்றுவிடும்.

மீதிப் பாதி கைப்பழக்கம். பென்சாதின் பெனிசிலின் கரையாத பொடி; தண்ணீரில் மிதக்கும் துகள். 12 லட்சம் குப்பியில் 4 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்க வேண்டும். நுரை பொங்கக் குலுக்கக் கூடாது. வலி குறைய, தண்ணீரில் 1 மி.லி.க்குப் பதிலாக மரத்துப்போகச் செய்யும் 1 சதவீத லிக்னோகெய்ன் சேர்க்கலாம். இதை அனுமதித்தால் அடுத்த தவணைக்குப் பிள்ளை அழாமல் வரும். கலந்தவுடன் பெரிய ஊசியால் இழுத்து, 21 கேஜ் ஊசிக்கு மாற்றி, உடனே போட வேண்டும். கலந்து வைத்துவிட்டுப் பதிவேட்டை எழுதப் போனால் துகள் அடியில் தங்கி ஊசி அடைத்துக்கொள்ளும்; பாதி மருந்து உள்ளே, பாதி வெளியே, பிள்ளைக்கு இரண்டாவது குத்து. மெல்லிய ஊசி வலிக்காது என்று 23 கேஜ் எடுப்பவர்களுக்கும் இதே கதிதான்.

6 லட்சம் தேவைப்படும் பிள்ளைக்கு 12 லட்சம் குப்பியைப் பயன்படுத்தும்போது 2 மி.லி. எடுத்தால் குறையும். பொடிக்கும் கன அளவு உண்டு, 4 மி.லி. ஊற்றினால் குப்பியில் இருப்பது 4 மி.லி.க்கு மேல். கலக்கியவுடன் மொத்தத்தையும் இழுத்து, அளவைப் பார்த்து, அதில் சரிபாதி. போடும் இடம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை அல்லது புட்டத்தின் மேல்-வெளிக் கால்பகுதி. ஆழமாகக் குத்தி, உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வராததை உறுதி செய்தபின் இரண்டு நிமிடம் எடுத்து ஒரே சீராகத் தள்ள வேண்டும். இந்த மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் இதயம் நிற்கலாம். உறிஞ்சிப் பார்ப்பது சடங்குக்காக அல்ல. இடையில் நிறுத்தினாலும் அடைத்துக்கொள்ளும்.

பிள்ளை வெறும் வயிற்றோடு வரக் கூடாது. சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, படுத்த நிலையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். மருத்துவ வரலாற்றைக் கேட்பது முதல் பரிசோதனை: முன்பு பெனிசிலின் போட்டபோது தடிப்பு, முக வீக்கம், மூச்சுத்திணறல் வந்ததா? தோல் சோதனை செய்வதானால் கரையும் பென்சைல் பெனிசிலினை நீர்த்துச் செய்யுங்கள். பென்சாதினையே தோலுக்குள் குத்துவது முறையல்ல. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எச்சரிக்கையைக் கைவிடவும் கூடாது.

அசம்பாவிதம் நேர்ந்தால் இரண்டைப் பிரிக்க வேண்டும். முகம் வெளிறி, நாடி மெதுவாகி, தடிப்பு இல்லாமல் சரிந்தால் அது மயக்கம்; காலைத் தூக்கி வைத்தால் தெளியும். நாடி வேகமாகி, உடம்பில் தடிப்பு எழும்பி, இளைப்போ வாந்தியோ வந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. உடனே 1:1000 அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.லி., தொடையின் நடு-வெளிப்பக்கத் தசையில். இருபது கிலோப் பிள்ளைக்கு 0.2 மி.லி.; குழந்தைக்கு 0.3, பெரியவருக்கு 0.5 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். அதன் பிறகுதான் ஆக்சிஜன், சலைன், 108. அவில் (ஒவ்வாமை மருந்து), டெக்சா (ஸ்டீராய்டு) ஊசிகளை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினுக்கு மருத்துவரைத் தேடும் பழக்கம் உயிரை வாங்கும். செவிலியரே அட்ரினலின் போடலாம் என்ற நிலையாணை இந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கட்டும். ஊசி மேசையில் அட்ரினலின் ஆம்ப்யூலோடு 1 மி.லி. சிரிஞ்சும் ஒட்டியே இருக்க வேண்டும். 5 மி.லி. சிரிஞ்சில் 0.2 அளக்க முடியாது.

மருந்துக் கொள்முதல் பற்றி மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மருந்தின் மூலப்பொருளை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளே, பெரும்பாலும் சீனாவில், தயாரிக்கின்றன. லாபம் குறைவு என்பதால் உற்பத்தியாளர்கள் விலகுகிறார்கள். ஒரு ஆலை நின்றால் நாடுகள் பலவற்றில் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு. 2018இல் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் இதய நோய் பற்றி நிறைவேற்றிய தீர்மானம் இந்த மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்யவும் அரசுகளைக் கேட்டுக்கொண்டது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. ஆனால் இதன் தேவையைக் கடந்த ஆண்டு நுகர்வை வைத்துக் கணக்கிட்டால் எப்போதும் குறைவாகவே வரும். மறுக்கப்பட்ட ஊசி நுகர்வுக் கணக்கில் ஏறாதே! பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 17 தவணை என்று பெருக்கி, அடைப்பால் வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்து, மூன்று மாதக் கையிருப்பு வையுங்கள். ஒப்பந்தத்தை ஒரே நிறுவனத்திடம் விட வேண்டாம். பொடிக் குப்பிக்கு ஐஸ் பெட்டி தேவையில்லை என்பது நமக்குச் சாதகம்.

அந்தப் பதிவேடுதான் இன்னும் இல்லை. 21 நாள் என்றால் கிழமை மாறாது. செவ்வாயில் தொடங்கினால் என்றும் செவ்வாய்தான். ஆகவே தேதியை நினைவில் வைக்கத் தேவையில்லை, பள்ளி முடிந்து நான்கு மணிக்கு மேல் ஊசி அறை திறந்திருந்தால் போதும். விடுமுறை குறுக்கிட்டால் ஒரு நாள் முன்னால் போடலாம், பின்னால் தள்ளக் கூடாது. ஆண்டுக்கு 17இல் 14 தவணையாவது போட்டவர் எத்தனை பேர் என்பதை மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் கேளுங்கள். இரண்டு நாள் தாண்டியவரின் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் போகலாம். சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் அதே தெருதான். பெண் பிள்ளைகள் திருமணமாகி வேறு மாவட்டம் போகும்போது ஊசி அட்டை பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சில ஆண்டில் கருவுற்று, ரத்த ஓட்டம் நாற்பது ஐம்பது சதவீதம் கூடும்போது சுருங்கிய மிட்ரல் வால்வு தாங்காமல் மூச்சிரைப்போடு வருகிறார்கள். இந்தப் பதிவு எண்ணைக் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பிக்மி பதிவு எண்ணோடு இணையுங்கள். கர்ப்ப காலத்தில் இந்த ஊசி பாதுகாப்பானது, நிறுத்தக் கூடாது.

பள்ளிகளில் எக்கோ முகாம் நடத்துவது பற்றி எங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டுப் பார்த்து வேலூர் அருகே 2001-02இல் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 0.68 பேருக்கு இந்நோய் இருந்தது. எக்கோ கருவியால் அரியானாவின் பல்லப்கரில் 6,270 பிள்ளைகளைப் பார்த்தபோது ஆயிரத்துக்கு 20க்கு மேல். அதே பிள்ளைகளில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அப்படி மறைந்திருக்கும் நோய்க்கும் ஊசி பலன் தரும் என்பதை உகாண்டாவில் 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு காட்டியது: இரண்டு ஆண்டில் ஊசி பெற்றவர்களில் 0.8 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் நோய் முற்றியது. எக்கோவின் அருமை இதில் தெரிகிறது. ஆனால் முகாமில் கண்டுபிடித்த பிள்ளையை அதே ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ‘பெரியாஸ்பத்திரிக்குப் போ’ என்று திருப்பி அனுப்புமானால், முகாம் பெற்றோருக்குக் கொடுத்தது கவலையை மட்டும்தான். முதலில் ஊசி அறைகள் தயாராகட்டும். அதன் பிறகு எக்கோ. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய திட்டத்தின் நடமாடும் குழுக்கள் ஏற்கெனவே பள்ளிகளுக்குப் போகின்றன. கையடக்க எக்கோவை ஒரு மாவட்டத்தில் அவர்களிடம் கொடுத்துத் தொடங்கலாம்.

ஜூனில் பள்ளி திறக்கும் முன், ஊசிக்குரியவர்களையும் மாத்திரைக்குரியவர்களையும் பிரிக்கும் சுற்றறிக்கையும் அட்ரினலின் நிலையாணையும் வந்துசேர வேண்டும். 40 மாத்திரையை ஒரே தவணையில் தரும் மருந்தக அனுமதிக்கு ஒரு கையெழுத்துப் போதும். ஊசி போடும் செய்முறையைச் செவிலியர்களுக்கு அரை நாளில் கற்றுத்தர எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். எந்த வட்டாரத்தில், எந்தக் கிழமையில் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தொண்டைத் தொற்றுக்கும் ருமாட்டிக் இதய நோய்க்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள்